சாலையோரம் நாலு வரிசை கடுகு

ஆகஸ்ட் 4

அண்ணிக்கு,

நேற்று போனைப் பாதியில் வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். பேசினால் நாம் இருவரும் நிதானம் தவறுகிறோம். அதனால் இனிமேல் எழுத்தில் வைத்துக்கொள்வோம். அப்பா போன பிறகு நிலத்தைப் பிரித்தபோது, "கிணறு யார் பங்குல வந்தாலும் தண்ணி ரெண்டு பேருக்கும் பொது" என்று வாயால் சொன்னதை, நான் சொன்னேனா, அண்ணன் சொன்னாரா, எந்த நிபந்தனையோடு சொன்னோம் என்று இன்றுவரை மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறோம். அந்தத் தவறு மறுபடி வேண்டாம்.

நேற்று ஒப்புக்கொண்டதை எழுதுகிறேன். சாலையை ஒட்டிய என் பங்கை, கிடங்கு கட்டுபவர்களுக்கு விற்கத் தரகர் ஒருவர் மூலம் பேசியிருக்கிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும். நான் குடியிருக்கும் மாடி அறையைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் நாள் குறித்துவிட்டார். நாற்பத்தாறு வயதில் நாலாவது முறையாக மூட்டை கட்ட எனக்கு உடம்பிலும் மனதிலும் தெம்பில்லை. கிணறு என் பங்கில் இருப்பதால், விற்றால் உங்கள் பங்கும் காய்ந்துவிடும் என்கிறீர்கள். அது உண்மைதான்.

நீங்கள் ஒரு பருவம் கேட்டீர்கள். வாராவாரம் மருந்தடிக்காமல், ஏதோ பொறிப்பயிர் வைத்து, இரண்டு பங்கிலும் முட்டைக்கோஸ் சுத்தமாக எடுத்துக் காட்டுவதாகச் சொன்னீர்கள். எடுத்துக் காட்டினால் நான் விற்கப் போவதில்லை. புழு விழுந்தால் கையெழுத்துப் போடுவேன், நீங்கள் குறுக்கே நிற்கக் கூடாது. ஒப்புதல் என்றால் பதில் எழுதுங்கள். இந்தக் கடிதத்துக்குக் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது.

உங்கள் நாத்தனார்

———

ஆகஸ்ட் 11

தீப்பெட்டிக்கு,

இந்தப் பெயரில் தொடங்கச் சொன்னது உன் அண்ணன். "அவளை அப்படிக் கூப்பிட்டாத்தான் கடைசி வரைக்கும் படிப்பா, கோவத்திலயாவது" என்றார்.

ஒப்புதல். உன்னிடம் கார்பன் இருந்தால் எனக்கு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. உன் கடிதத்தையும் என் பதிலையும் இரண்டு இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். கடைக்காரர் எடுக்கும்போதே படித்துவிட்டார். "அடுத்தது எப்பங்க வரும்?" என்று கேட்கிறார்.

ஏதோ பொறிப்பயிர் என்று எழுதியிருக்கிறாய். ஏதோ இல்லை, கடுகு. கோஸைத் தின்னும் புழு, முதுகில் கட்டம் போட்டது போல இருக்கும் அந்தச் சின்ன அந்துப்பூச்சியினுடையது. அந்தப் பூச்சிக்குக் கோஸை விடக் கடுகு பிடிக்கும். அதனால் பதினைந்து நாள் முன்னாலேயே கடுகை விதைத்து வளர்த்துவிட்டால், அது அங்கேயே போய் முட்டை வைக்கும். ஆனால் வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் கடுகே புழுப் பண்ணையாகிவிடும். தினம் இலையைத் திருப்பிப் பார்த்துப் பொறுக்க வேண்டும். பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். கடுகு கிழண்டு போவதற்குள் அடுத்த கடுகு முளைத்து நிற்க வேண்டும். இதுதான் வித்தை. வேளாண்மை அலுவலகத்து அம்மா இரண்டு நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

ஒன்பதாம் தேதி கடுகு விதைத்தாகிவிட்டது. இருபத்துநாலாம் தேதி கோஸ் நாற்று நடுகிறேன்.

ஏன் இந்தப் பாடு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பது வருஷம் மருந்து டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தவர் இப்போது செருப்பு மாட்டவே குனிய முடியாமல் மூச்சு வாங்குகிறார். "இன்னும் ஒரு தடவை அந்த வாடை பட்டா என்கிட்ட வராதீங்க" என்று நெஞ்சு டாக்டர் சொன்னது என் காதில் இருக்கிறது. நிலமும் வேண்டும், அவரும் வேண்டும் என்றால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ.

அண்ணி

———

செப்டம்பர் 16

அண்ணிக்கு,

நான் வரவில்லை. வந்து பார்க்காமலேயே பார்த்துவிட்டேன்.

தரகர் நேற்று என் போனுக்கு இரண்டு புகைப்படங்கள் அனுப்பினார். இரண்டிலும் என் பங்கு நிலம். ஓரம் முதல் ஓரம் வரை இடுப்புயரக் கடுகு. இலைகள் எல்லாம் சல்லடை. சில இலைகளில் பச்சை முழுக்கச் சுரண்டப்பட்டு, மேல்தோல் மட்டும் கண்ணாடி போல நிற்கிறது. கடுகுக்குப் பின்னால் தூரத்தில், வரப்புக்கு அப்பால் உங்கள் பங்கு. அங்கே கடுகு ஒரு செடிகூட இல்லை.

பொறிப்பயிர் என்று எழுதினீர்கள். பொறியை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. அந்த ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு எவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்து வியந்தேன். பூச்சி எல்லாம் என் நிலத்துக்கு, கோஸ் எல்லாம் உங்கள் நிலத்துக்கு. இதுதானே கணக்கு? பருவ முடிவில் என் பங்கு புழுத்துக் கிடப்பதைப் பார்த்து விலையைக் குறைப்பார்கள், நானே விற்க வேண்டாம் என்று முடிவெடுப்பேன் என்று நினைத்தீர்களா?

நான் கோபத்தில் எழுதவில்லை. ஆய்வகத்தில் மதியம் மாணவர்கள் யாரும் இல்லாத நேரத்தில் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். கேள்வி ஒன்றுதான். கடுகை என் பங்கில் மட்டும் விதைத்தீர்களா, இல்லையா?

உங்கள் நாத்தனார்

பி.கு. தீப்பெட்டி என்று எழுத வேண்டாம்.

———

செப்டம்பர் 22

நாத்தனாருக்கு,

விதைத்தேன். உன் பங்கில் மட்டும்தான் விதைத்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. இதில் பொய் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஏன் உன் பங்கு என்றால், சாலைக்கு அந்தப் பக்கம் காய்கறிச் சந்தைக்காரர்கள் அழுகிய கோஸ் இலையைக் கொட்டும் மேடு இருக்கிறதே, நீ சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாயாமே, அந்த மேட்டிலிருந்துதான் பூச்சி வருகிறது. காற்றும் அங்கிருந்துதான். பூச்சி வரும் வழியில் வைத்தால்தான் அது பொறி. என் பங்கில், பின்னால் வைத்தால், பூச்சி உன் கோஸிலும் என் கோஸிலும் விருந்து முடித்துவிட்டு வாய் கழுவத்தான் கடுகுக்கு வரும்.

ஓரம் முதல் ஓரம் வரை கடுகு என்கிறாய். நாலு வரிசை. நாலே நாலு. அதற்குப் பின்னால் உன் பங்கு முழுக்கக் கோஸ்தான் நிற்கிறது. கடுகு இடுப்புயரம், கோஸ் முழங்கால்கூட இல்லை. சாலையில் நின்று படம் எடுத்தால் கடுகுதான் தெரியும். உன் தரகர் வெள்ளைச் செருப்புப் போட்டுக்கொண்டு வருகிறார். சேற்றில் இறங்க மாட்டார். உன் அண்ணன் அவருக்கு வெள்ளைச்செருப்பு என்றே பெயர் வைத்துவிட்டார். "வாங்க, உள்ள வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன். "பரவால்லம்மா, இங்கருந்தே நல்லா தெரியுது" என்றார். அவருக்கு வேண்டியது நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அவரை அனுப்பியது யார்? நீதானே? ஒரு பருவம் தருகிறேன் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, பின்னாலேயே வேவு பார்க்க ஆள் விட்டாயா? ஏன் நீ வரவில்லை? பஸ்ஸில் ஆறு மணி நேரம். அந்த அந்துப்பூச்சிக்குக் கடுகைக் காட்டினால் போதும், வந்து உட்கார்ந்துவிடும். உனக்கு இரண்டு போட்டோ.

தினம் காலையில் பத்துக் கோஸ் செடியில் எத்தனை புழு என்று எண்ணி அட்டையில் எழுதி வைக்கிறேன். இன்றைக்கு மூன்று. பத்துச் செடிக்கும் சேர்த்து மூன்று. பதினெட்டாம் தேதி வரப்போரமாக இரண்டாவது கடுகு விதைத்தேன், இப்போதுதான் முளை காட்டுகிறது. அது வளரும் வரை சாலையோரக் கடுகை யாரும் தொடக் கூடாது. உன்னைக் கெஞ்சிக் கேட்பதாகவே வைத்துக்கொள். நகலில் இந்த வரிக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன்.

அண்ணி

———

செப்டம்பர் 27

அண்ணிக்கு,

நாலு வரிசை என்பது உங்கள் வார்த்தை. ஓரம் முதல் ஓரம் வரை என்பது என் கண். எதை நம்புவது என்று மூன்று நாள் யோசித்தேன்.

தரகரை நான் அனுப்பவில்லை. ஆனால் அவர் அனுப்பியதைப் பார்த்தேன், மறுக்கவில்லை. கேட்காமல் என் நிலத்தில் விதைத்துவிட்டு "கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும்" என்று எழுதுகிறீர்களே, அந்த ஒரு வரி போதும். அப்பா இருந்த காலத்திலும் இப்படித்தான். என்னைப் பற்றிய முடிவுகள் எல்லாம் நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்பதற்காகவே என்னைக் கேட்காமல் எடுக்கப்பட்டவை. எனக்குப் பார்த்த அந்த ஒரு வரன் உட்பட.

நானும் தாவரவியல் படித்தவள்தான். கல்லூரியில் இருபது வருஷமாக ஆய்வக உதவியாளர். பொறிப்பயிரை உரிய காலத்தில் அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே பூச்சி பெருகும் இடமாகிவிடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அழிக்கவே விடாமல் நீங்கள் கெஞ்சுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அல்லது புரிகிறது.

என் பங்கில் என்ன நிற்கலாம் என்பதை இனி நான் முடிவு செய்கிறேன். சாலையோரக் கடுகை உழுதுவிடச் சொல்லி டிராக்டருக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது. இந்தக் கடிதம் வரும்போது வேலை முடிந்திருக்கும். கோஸைத் தொட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். உண்மையிலேயே அங்கே கோஸ் இருந்தால்.

உங்கள் நாத்தனார்

———

அக்டோபர் 3

இருபத்தொன்பதாம் தேதி உன் அண்ணனை நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது டிராக்டர் போய்விட்டது. கடிதம் முப்பதாம் தேதிதான் வந்தது.

உழுதவன் உழுததோடு போய்விட்டான். கடுகுத் தண்டு, இலை, எல்லாம் அப்படியே மண்மேல். ஒரு நாள் வெயிலில் இலை வாடியதும் புழு கிளம்பிவிட்டது. கோஸ் இரண்டடி தூரத்தில் இருந்தது. இருந்தது என்று எழுதுகிறேன், கவனி. உன் பங்கில் கோஸ் இருந்தது.

அள்ளி எரித்தேன். தாமதம். பறக்கிற பூச்சிக்கு இப்போது முட்டை வைக்கவும் கோஸைத் தவிர வேறு இடமில்லை.

அட்டையில் இருப்பதை எழுதுகிறேன். இருபத்தெட்டாம் தேதி, மூன்று. ஒன்றாம் தேதி, இருபத்தாறு. இன்று, நாற்பத்தொன்பது.

அலுவலகத்து அம்மா "வேற வழி இல்லக்கா, ஒரு தடவை மருந்து அடிச்சிருங்க" என்கிறாள். உன் அண்ணன் பரணிலிருந்து டப்பாவை இறக்கி வைத்திருந்தார். நான் அதைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டேன். உன் கிணறுதான். கோபம் இருந்தால் எழுது. டப்பா காலிதான், தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மாதத்தில் ஒரு நாள்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து வீட்டில் இருக்க மாட்டோம். அந்த ஒரு நாள், டிராக்டரைக் கூட்டி வந்த வெள்ளைச்செருப்புக்கு எப்படித் தெரிந்தது?

அண்ணி

———

அக்டோபர் 9

அண்ணிக்கு,

நான்தான் சொன்னேன். வேண்டுமென்று சொல்லவில்லை. "அண்ணனுக்கு உடம்பு எப்படி இருக்கு மேடம்?" என்று தரகர் அக்கறையாக விசாரித்தார். "மாசக் கடைசியில டாக்டர்கிட்ட போறாங்க, இருபத்தொன்பதாம் தேதி" என்றேன். டிராக்டருக்கு அவரே நாள் குறித்தார். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்று எழுதினால் நம்புவீர்களா என்று தெரியவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நம்ப மாட்டேன்.

நான்கு நாளாக உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள், நீங்கள் எண்ணிக்கையைக் கூட்டி எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள், அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். பொறிப்பயிரை அழிக்க வேண்டும் என்ற வாக்கியம் வலப்பக்கத்தில் கடைசி வரியாக இருக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் அடுத்த வரி: அதிலுள்ள புழுக்களைக் கொன்ற பிறகே. அந்தப் பக்கத்தை நான் திருப்பியிருக்கவில்லை. இருபது வருஷமாக, பாதி படித்துவிட்டுச் செய்முறைக்கு வரும் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருப்பவள் நான்.

மூன்றாம் நாள் அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில், கடுகுக்கு நடுவே, நீல பக்கெட்டின் விளிம்பு. அதன் மேல் ஒரு கை. சுண்டுவிரல் உள்பக்கமாக மடங்கிய கை. சின்ன வயதில் என் சைக்கிள் சங்கிலியில் மாட்டியதே, அண்ணனின் அந்தச் சுண்டுவிரல். மூச்சு வாங்கும் மனிதர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் நிலத்துக் கடுகில் புழு பொறுக்கிக்கொண்டிருக்கிறார். நான் அந்தப் படத்தைத் திறந்து சல்லடை இலையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி பஸ் ஏறுகிறேன். பத்து நாள் விடுப்பு. வரவேற்க வேண்டாம், பேச வேண்டாம். எந்த வரிசை என்று காட்டினால் போதும்.

நாத்தனார்

———

நவம்பர் 9

நாத்தனாருக்கு,

நீ போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. அறுவடை பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். நேற்று முதல் வெட்டு.

என் பங்கு தப்பித்தது. வரப்போரம் விதைத்த இரண்டாவது கடுகு நீ வந்தபோது முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டதல்லவா, அது தடுத்துக்கொண்டது. உன் பங்கில் பாதிக்கு மேல் போய்விட்டது. சாலைப் பக்கத்து வரிசைகளில் கோஸ் உருண்டு திரளவே இல்லை, விரித்த குடை மாதிரி நிற்கிறது. பின்வரிசைகள் நீ பொறுக்கியதால் பிழைத்தன. இதைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். கடைசியில் அவளுடையது தப்பித்தது, என்னுடையது போயிற்று என்று தோன்றும். தோன்றட்டும். எனக்கே தோன்றுகிறது.

நீ பொறுக்குவது சுத்தமாக இருந்தது. முதல் நாள் புழு நூல் விட்டுக் கீழே குதித்ததும் நீ "ஐயோ" என்று பின்னால் சாய்ந்து பாத்தியிலேயே உட்கார்ந்தாய். "காலேஜ்ல இதையெல்லாம் பாட்டில்ல போட்டுத்தான் பார்த்திருப்பா" என்று உன் அண்ணன் சிரித்து, சிரிப்பு இருமலாகி, உனக்கும் எனக்கும் சண்டையை விட்டுவிட்டு அவருக்குத் தண்ணீர் கொண்டு வருவதே வேலையாகிவிட்டது. நீ கேட்டதெல்லாம், "அண்ணி, இது முடிஞ்சுது, அடுத்தது எது?" பத்து நாளில் அதற்கு மேல் நாம் பேசவில்லை.

இப்போது சொல்ல வேண்டிய இரண்டு விஷயம். இரண்டும் எழுதக் கை வரவில்லை.

ஒன்று. நீ பொறுக்கிவிட்டுப் போன வரிசையில் எல்லாம் நான் உன் பின்னாலேயே போய் மறுபடி பார்த்தேன். ஏழு நாள் பார்த்தேன். எட்டாம் நாள்தான் விட்டேன்.

இரண்டு. நீ வயலில் இருந்தபோது உன் பையைத் திறந்தேன். சோப்பு தேடினேன் என்று சொல்லலாம், ஆனால் தேடவில்லை. உள்ளே விற்பனை ஒப்பந்தம் இருந்தது. உன் பெயர் அடித்திருந்தது. கையெழுத்து போடும் இடம் மட்டும் வெறுமை. எடுத்த மாதிரியே திரும்ப வைத்துவிட்டேன். பத்து நாள் என் கோஸில் குனிந்து நின்றவள், பையில் அதை வைத்துக்கொண்டே குனிந்திருக்கிறாள். நீ கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் இறங்கி நேராக வெள்ளைச்செருப்பின் ஆபீஸுக்குப் போனாயாம். அங்கே பழம் விற்கிற அம்மா சொன்னாள். "உங்க நாத்தனார்தானேக்கா? நான் கையாட்டினேன், பாக்கவே இல்ல."

சரி. இரண்டு பங்கிலும் சுத்தமாக வந்தால் என்று எழுதினோம். சுத்தமாக வரவில்லை. ஏன் வரவில்லை என்பது நகலில் இல்லை. நான் வார்த்தை மாற மாட்டேன். கையெழுத்துப் போட்டுக்கொள். குறுக்கே நிற்க மாட்டேன். ஏற்கெனவே போட்டிருந்தால் அதையும் எழுது. கிணறு எப்போதிலிருந்து இல்லை என்று தெரிந்தால்தான் நான் அடுத்த நாற்றைப் பற்றி யோசிக்க முடியும். உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

அண்ணி

———

நவம்பர் 16

அண்ணிக்கு,

நீங்கள் பார்த்த தாளை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். எடுத்துப் பாருங்கள். கையெழுத்து போடும் இடம் இன்னும் வெறுமைதான். வரும்போது எதற்குக் கொண்டு வந்தேன் என்றால், ஒருவேளை வயலில் நாலு வரிசைக்குப் பின்னால் கோஸ் இல்லாமல் இருந்தால், நீங்கள் எழுதியது பொய்யாக இருந்தால், அங்கேயே உங்கள் கண்முன் கையெழுத்துப் போடுவதற்கு. அவ்வளவு நம்பிக்கையோடுதான் புழு பொறுக்க வந்தேன். தரகரின் அலுவலகத்துக்குப் போனது, இனி வர வேண்டாம் என்று சொல்ல. "யோசிச்சுப் பாருங்க மேடம், அவங்க உங்கள நல்லா ஏமாத்தறாங்க" என்றார். "இருக்கலாம்" என்றேன். அவர் செருப்பு அன்றும் வெள்ளையாகத்தான் இருந்தது.

பையைத் திறந்ததற்குக் கோபப்பட வேண்டும் என்று முயன்றேன். முடியவில்லை. ஏனென்றால் நானும் ஒன்று செய்தேன். நீங்கள் அண்ணனுக்கு மாத்திரை வாங்கப் போன அன்று, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த அட்டைகளை எல்லாம் இறக்கி, உங்கள் கடிதங்களில் எழுதிய எண்களோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றாவது இடித்துவிடாதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. நான் பொறுக்கிய நாட்களில் என் வரிசைக்கு நேரே, நீங்கள் பின்னால் வந்து எடுத்த விடுபட்ட புழுக்களையும் குறித்திருந்தீர்கள். ஒன்பது, ஆறு, ஆறு, நாலு, ஒன்று, ஒன்று, பூஜ்யம். ஆகவே உங்கள் முதல் விஷயம் எனக்கு முன்பே தெரியும். கல்லூரியில் எனக்கு யாரும் இவ்வளவு ஒழுங்காக மதிப்பெண் போட்டதில்லை.

கடைசி அட்டையின் பின்பக்கத்தையும் பார்த்தேன். அடுத்த பருவத்துக்குப் படம் போட்டிருக்கிறீர்கள். கடுகு நாலு வரிசையையும் உங்கள் பங்கின் பின்கோடியில் போட்டு, என் பக்கம் ஒரு கோடு இழுத்து, "இவ பக்கம் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று வார்த்தையை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இவ்வளவு நாள் உங்களிடமிருந்து வாங்க நினைத்தது அதைத்தான். கையில் கிடைத்ததும் எனக்கு அது பிடிக்கவில்லை.

அந்தப் படம் தவறு, அண்ணி. பூச்சி சாலை மேட்டிலிருந்துதான் வருகிறது. பத்து நாள் அந்தக் காற்றில் நின்றேன், என் சேலை முழுக்க அந்த அழுகல் வாடை. பின்கோடியில் வைத்தால், நீங்களே எழுதியது போல, அது வாய் கழுவ வருவதற்குத்தான் ஆகும். கடுகு என் பங்கில்தான் நிற்க வேண்டும்.

ஒப்பந்தப்படி தோற்றது நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். டிராக்டர் விட்டவள் நான். என் கையால் கெடுத்துவிட்டு, கெட்டுவிட்டது என்று கையெழுத்துப் போட எனக்கு வராது. நிலத்தை விற்கவில்லை. அடுத்த மாதம் இதே தெருவில் இதை விடச் சின்ன அறைக்குப் போகிறேன். ஜன்னல் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. மூட்டை கட்டத் தெம்பில்லை என்று எழுதியிருந்தேன். கட்டத் தொடங்கிவிட்டேன். அடுத்த வருஷம் என்ன செய்வேன் என்று இப்போது எழுத்தில் தர மாட்டேன். கேட்காதீர்கள்.

நான் கேட்பது ஒன்று. விதைப்பதற்கு முன்னால் என்னைக் கேளுங்கள். நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று உங்களுக்குத் தெரிந்தாலும் கேளுங்கள். ஒரு வரி போதும்.

தீப்பெட்டி

———

டிசம்பர் 3

தீப்பெட்டிக்கு,

உன் அண்ணனிடம் எல்லாக் கடிதத்தையும் முதலிலிருந்து படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "கிணத்துல போட்ட டப்பாவை எடுக்கச் சொல்லு, ஓட்டை போட்டு நாத்துக்குத் தண்ணி தெளிக்கலாம்" என்றார். அவ்வளவுதான் அவர் தீர்ப்பு.

வரும் ஒன்பதாம் தேதி விதைக்க நினைக்கிறேன். உன் பங்கில் சாலையோரம் நாலு வரிசை கடுகு போடலாமா?

வேண்டாம் என்றாலும் எழுது.

அண்ணி

இதற்கு ஜெராக்ஸ் எடுக்கவில்லை. கடைக்காரர் வாசலில் நின்று பார்த்தார். நேராகத் தபால் பெட்டிக்குப் போய்விட்டேன்.